ஒப்புதல் எந்தப் பைட்டுகளுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்கலம் ஒன்று தொடர்பிழந்தால் நாளிதழ்ச் செய்தி பெரும்பாலும் ‘மென்பொருள் கோளாறு’ என்ற இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. கலத்துக்குள் ஓடும் மென்பொருள் பல நேரம் தனக்குச் சொன்னதை அப்படியே செய்திருக்கும். சொன்னதுதான் பிசகு. தரையில் ஒருவர் அந்தக் கட்டளையை எழுதியிருப்பார், இன்னொருவர் படித்திருப்பார், மூன்றாமவர் ‘அனுப்பலாம்’ என்றிருப்பார். அந்த இடத்தில் ஓட வேண்டிய மென்பொருளைப் பற்றி, அதாவது கட்டளை வானுக்குப் போகும் முன் அதை மீளாய்வு செய்து ஒப்புதல் தரும் மென்பொருளைப் பற்றி, உங்கள் வாசகர்களிடம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். சிறு செயற்கைக்கோள் கட்டும் மாணவர் குழுக்களும் புதிய நிறுவனங்களும் இதைக் கடைசி வேலையாக ஒதுக்கி வைப்பதைப் பார்க்கும்போது மனம் கேட்கவில்லை.

2023 ஜூலை 21 அன்று வாயேஜர் 2 கலத்துக்குப் போன திட்டமிட்ட கட்டளை வரிசை ஒன்று அதன் ஆன்டெனாவைப் பூமியை விட்டு 2 பாகை விலக்கிவிட்டது. கலம் அப்போது ஏறத்தாழ 1,990 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அவ்வளவு தொலைவில் 2 பாகை என்பது முழு மௌனம். ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலுள்ள 70 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து, கேட்டாலும் கேட்கும் என்ற நம்பிக்கையில், ‘பூமிப்பக்கம் திரும்பு’ என்று உரத்த அலையாக ஒரு கட்டளையை அனுப்பினார்கள். அது போய்ச் சேர 18.5 மணி நேரம். பலித்ததா என்று தெரிய 37 மணி நேரம். பலித்தது, ஆகஸ்ட் 4 அன்று தரவு மீண்டும் வந்தது. பலிக்காமல் போயிருந்தால் அக்டோபர் 15 வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அன்று தன் திசையைத் தானே சரிசெய்துகொள்ளும்படி கலத்தில் முன்பே ஏற்பாடு இருந்தது.

எல்லாக் கலங்களுக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. 1976 ஜூலையிலிருந்து செவ்வாய்த் தரையில் உழைத்த வைக்கிங் 1 தரையிறங்கிக்கு 1982 நவம்பரில் பேட்டரி சார்ஜ் செய்யும் முறையை மேம்படுத்த ஒரு கட்டளை போனது. அது ஆன்டெனாவைத் திசை திருப்பும் தரவு இருந்த நினைவகப் பகுதியின் மேல் எழுதிவிட்டது. அதன்பின் அக்கலத்திலிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஏறத்தாழ இதே பிழை 24 ஆண்டுகள் கழித்து, செவ்வாயைச் சுற்றிவந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தில் திரும்ப வந்தது. கலத்தின் இரு கணினிகளிலும் ஒரே அளவுரு சற்றே வேறுபட்ட மதிப்போடு இருந்தது. அதைச் சமன் செய்ய 2006 ஜூனில் அனுப்பிய திருத்தம் தவறான நினைவக முகவரிகளில் போய் உட்கார்ந்தது. அடுத்த ஐந்து மாதம் எதுவும் தெரியவில்லை. நவம்பர் 2 அன்று சூரியத் தகடுகளைத் திருப்பச் சொன்னதும், தகடு சிக்கிக்கொண்டது என்று கலம் கருதித் தன்னைப் பாதுகாப்பு நிலைக்கு (கோளாறு என்று கருதும்போது கலம் தானாகப் போகும் தற்காப்பு நிலை) மாற்றிக்கொண்டது. அந்த நிலையில் ஒரு பேட்டரியின் மேல் நேர் வெயில் அடித்தது. சூடானதைக் கலம் மிகைச் சார்ஜ் என்று எண்ணிச் சார்ஜ் செய்வதை நிறுத்தியது. ஏறத்தாழ 12 மணி நேரத்தில் இரண்டு பேட்டரிகளும் தீர்ந்திருக்கும் என்றது விசாரணை. கெட்டுப்போன இன்னொரு அளவுரு ஆன்டெனாவைப் பூமிப்பக்கம் திருப்பவிடாமல் தடுத்ததால், நடப்பது என்னவென்றே தரைக்குத் தெரியவில்லை. இயக்கக் குழு நடைமுறைகளைப் பின்பற்றித்தான் இருந்தது, அந்த நடைமுறைகளுக்குத்தான் இந்தப் பிழையைப் பிடிக்கும் திறன் இல்லை என்று விசாரணையின் முடிவை வெளியிட்டபோது நாசா சொன்னது. இந்தத் துறையில் புதிதாக நுழைவோர் எல்லோரும் படிக்க வேண்டிய முடிவு அது.

வழக்கமான வேலை நாளில் வழக்கமான திருத்தமாகப் போன கட்டளைகள் இவை. எனவே ‘இன்னும் கவனமாகப் பாருங்கள்’ என்று மீளாய்வாளரிடம் சொல்வது போதாது. அவர் எதைப் பார்க்கிறார் என்பதே முதல் கேள்வி.

பல இடங்களில் ஒப்புதல் இப்படி நடக்கிறது: பொறியாளர் ஒரு படிவத்தில் ‘சக்கரம் 3-ன் வேக வரம்பை மாற்றுதல்’ என்று எழுதுகிறார். கட்டளைக் கோப்பை இணைக்கிறார். மேலாளர் படிவத்தைப் படித்துக் கையொப்பம் இடுகிறார். பாஸ் நேரத்தில் (கலம் தரைநிலையத்தின் பார்வையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கலத்தை இயக்குபவர் ஒரு கோப்பகத்திலிருந்து கோப்பை எடுத்து அனுப்புகிறார். கையொப்பம் விழுந்தது படிவத்தின் மேல், அனுப்பப்பட்டது கோப்பு. இடைப்பட்ட நேரத்தில் யாராவது ஓர் எண்ணைத் திருத்தியிருக்கலாம், ‘இறுதி’, ‘இறுதி2’ என்ற இரு கோப்புகளில் தவறானதை எடுத்திருக்கலாம், கட்டளை அகராதி (ஒவ்வொரு கட்டளையும் எந்தப் பைட்டுகளாக மாறும் என்ற பட்டியல்) புதுப்பிக்கப்பட்டு அதே வரி வேறு பைட்டுகளாக மாறியிருக்கலாம். ஒப்புதல் மென்பொருளின் முதல் கடமை இந்த இடைவெளியை மூடுவது.

மூடும் வழி இது. மீளாய்வுக்கு வரும்போதே கட்டளை வரிசையைப் பைனரியாக மாற்றிவிட வேண்டும். அதன் மேல் எஸ்.எச்.ஏ-256 முறையில் ஹேஷ் எண் எடுக்க வேண்டும், அதாவது ஒரு பிட் மாறினாலும் தானும் மாறிவிடும் கைரேகை போன்ற எண். 64 ஹெக்ஸ் இலக்கம் கிடைக்கும். ஒப்புதல் தருபவரின் மின்கையொப்பம் அந்த எண்ணின் மேல் விழ வேண்டும், தலைப்பின் மேலோ கோப்புப் பெயரின் மேலோ விழக் கூடாது. அனுப்பும் வாயிலில் இருக்கும் நிரல், கையில் வந்த பைட்டுகளுக்குத் தானே ஹேஷ் கணக்கிட்டு, கையொப்பத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, ஓர் இலக்கம் மாறினாலும் மறுக்க வேண்டும். ஒரு பைட் திருத்தினாலும் வரிசை வரைவு நிலைக்குத் திரும்பிவிடும். முன்பு பெற்ற ஒப்புதல்கள் எல்லாம் விழுந்துவிடும். ‘சின்னத் திருத்தம்தானே, பழைய ஒப்புதலே இருக்கட்டும்’ என்ற பொத்தான் எந்தத் திரையிலும் இருக்கவே கூடாது.

இங்கே எல்லாக் குழுக்களும் ஒருமுறை தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விண்கலத் தரவுத் தொடர்புக்கான பன்னாட்டு சி.சி.எஸ்.டி.எஸ். தரநிலைப்படி ஒவ்வொரு கட்டளைப் பொட்டலத்திலும் 14 பிட் வரிசை எண் இருக்கிறது. அதைச் சுமக்கும் சட்டகத்தில் 8 பிட் வரிசை எண் தனியாக உண்டு. சட்டகத்தின் முடிவில் 16 பிட் சோதனை எண்ணும் வரலாம். இவை அனுப்பும் நொடியில்தான் நிரப்பப்படும். முழுச் சட்டகத்துக்கும் ஹேஷ் எடுத்தால் அனுப்பும்போது ஒருபோதும் பொருந்தாது. இரண்டு பாஸ்கள் வீணாகும். மூன்றாவது பாஸில் யாரோ ஒப்பீட்டையே அணைத்துவிடுவார்கள். பிறகு அது அணைந்தே கிடக்கும். ஆகவே ஹேஷ் எடுக்கும் பகுதியைத் தொடக்கத்திலேயே வரையறுக்க வேண்டும்: எந்தக் கலம், எந்தப் பயன்பாட்டு எண் (கலத்துக்குள் கட்டளையைப் பெறும் பகுதியின் எண்), கட்டளைக் குறி, அளவுருக்கள், வரிசையில் அவற்றின் இடம். எண்ணிகளும் சோதனை எண்ணும் மறையாக்கமும் அதற்கு வெளியே. வெளியே விட்டவற்றை நிரப்புவது வாயில் நிரல் மட்டுமே. வேறு எந்த நிரலுக்கும் அந்த உரிமை கிடையாது.

சோதனை எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது வழியில் பிட் சிதைந்ததா என்று மட்டும் சொல்லும். தவறான கட்டளை சிதையாமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்பதற்கும் அதே பச்சை விளக்குதான் எரியும்.

அடுத்தது மீளாய்வுத் திரை. எழுதியவர் தட்டச்சு செய்த வரியையே மீளாய்வாளருக்கும் காட்டினால், எழுதியவர் நினைத்ததை அவரும் நினைப்பார். திரையில் வர வேண்டியது பைனரியிலிருந்து திருப்பிப் படித்த பொருள். கட்டளையை உருவாக்கிய நிரலைக் கொண்டே திருப்பிப் படிக்கக் கூடாது. அதிலுள்ள பிழை இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சமன் செய்து மறைந்துவிடும். பைட் வரிசை தலைகீழானால் 16 பிட் எண்ணில் 1 என்பது 256 ஆகிறது. ஒரே நிரல் எழுதவும் படிக்கவும் செய்தால் திரையில் 1 என்றே தெரியும். கலத்துக்கு மட்டும் 256 போகும். வேறொருவர் தனியாக எழுதிய வாசிப்பு நிரல் வேண்டும். இரண்டு வார வேலைதான். ஆனால் இந்த அமைப்பு முழுவதிலும் அதிகப் பலன் தருவது அந்த இரண்டு வாரம்தான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஒவ்வோர் அளவுருவையும் மூன்று விதமாகக் காட்ட வேண்டும்: கலத்துக்குப் போகும் மூல எண், அலகோடு கூடிய அளவு, கலத்தில் இப்போது இருக்கும் மதிப்பு. அலகு கட்டளை அகராதியிலிருந்து தானாக வர வேண்டும். 2 ரேடியன் என்பது 114.6 பாகை. வெறும் ‘2’ என்று காட்டும் திரையில் இந்த வேறுபாட்டை யாராலும் பிடிக்க முடியாது. செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பரில் அழிந்ததற்குக் காரணம், பவுண்டு-விசை நொடியில் வந்த எண்களை நியூட்டன் நொடி என்று படித்தது, இரண்டுக்கும் 4.45 மடங்கு வேறுபாடு. அது கட்டளைப் பிழை அன்று, தரைக்கணினிகளுக்கு இடையே போன கோப்பில் நேர்ந்தது. ஆனாலும் அலகில்லாத எண் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

எல்லைச் சோதனை, அதாவது மதிப்பு இவ்வளவுக்குக் குறையாமலும் கூடாமலும் இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. அதை நம்பி அமரக் கூடாது. எல்லைக்குள் இருக்கும் தவறான எண்தான் கலத்தை அழிக்கிறது. ஜப்பானின் ஹிட்டோமி எக்ஸ்-கதிர் ஆய்வுக்கலம் 2016 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்டது. நீளும் தாங்கியை விரித்த பிறகு கலத்தின் நிறைப் பரவல் மாறியதால், உந்துபொறிக் கட்டுப்பாட்டு அளவுருக்களைப் புதிதாகக் கணக்கிட்டு அனுப்பினார்கள். அந்த எண்கள் தவறு. கலத்தைப் போலவே நடந்துகாட்டும் தரைக்கணினியான சிமுலேட்டரில் ஓட்டிச் சரிபார்க்கப்படவும் இல்லை. மார்ச் 26 அன்று வேறொரு காரணத்தால் கலம் சுழலத் தொடங்கியபோது, அதை நிறுத்த வேண்டிய உந்துபொறிகள் அந்த எண்களால் சுழற்சியைக் கூட்டின. சூரியத் தகடுகள் பிய்ந்து போயின. தவறான அளவுரு ஏறத்தாழ ஒரு மாதம் அமைதியாக உறங்கியது. பாதுகாப்பு நிலையில் மட்டும் பயன்படும் எண்கள் எல்லாமே இப்படித்தான்: அனுப்பிய அன்று ஒன்றும் நடக்காது, மிக மோசமான நாளில் விழித்துக்கொள்ளும். ஆகவே அத்தகைய அளவுருக்களை அகராதியில் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். அவற்றைத் தொடும் எந்த வரிசைக்கும் சிமுலேட்டர் ஓட்டத்தின் பதிவு எண் இணைக்கப்படாமல் ஒப்புதல் பொத்தானே தோன்றக் கூடாது. அந்த ஓட்டத்தில் பாதுகாப்பு நிலையை வேண்டுமென்றே தூண்டிப் பார்த்திருக்க வேண்டும். இயல்பு நிலையில் மட்டும் ஓட்டிய பதிவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பழைய மதிப்போடு ஒப்பிடுவது எல்லைச் சோதனையைவிடக் கூர்மையானது. குறி மாறினால், பத்து மடங்கு மாறினால், மூன்றில் இரண்டு எண்கள் மட்டும் மாறினால் நிரல் நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும். அதேபோல் அடிக்கடி ஓடும் நடைமுறையைத் திருத்தும்போது, கடைசியாக வானுக்குப் போன பதிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதைத் திரை முதலில் காட்ட வேண்டும். சேர்ந்த வரிகளைவிட நீங்கிய வரிகளையே பெரிதாகக் காட்ட வேண்டும். இருக்கிற வரியைக் கண் சரிபார்க்கும். இல்லாத வரியைக் கண் காணாது. 1998 ஜூனில் சோஹோ சூரிய ஆய்வுக்கலம் தொடர்பிழந்த நிகழ்வில் நடந்தது அதுதான். சுருக்கித் திருத்திய கட்டளை நடைமுறையில், அவசர நிலையில் ஒரு ஜைரோவை (கலத்தின் சுழற்சியை அளக்கும் கருவி) மீண்டும் இயக்க வேண்டிய பகுதி விடுபட்டிருந்தது. இன்னொரு ஜைரோவின் பழுது கண்டறியும் வரம்பு இருக்க வேண்டியதைவிட 20 மடங்கு நுண்ணியதாக விடப்பட்டிருந்தது. அணைந்து கிடந்த ஜைரோ பூஜ்யம் காட்டியது. சரியாக ஓடிய ஜைரோவைப் பழுது என்று எண்ணி அணைத்தார்கள். 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கட்டுப்பாடின்றிச் சுழன்ற கலத்தை மீட்டுச் சூரியனை நோக்கித் திருப்ப செப்டம்பர் ஆயிற்று. மீட்டது பெரிய சாதனை. அதில் இரண்டாவது பேச்சில்லை.

நினைவக எழுத்துக் கட்டளைகள் தனி வகை. அவற்றுக்குத் தனி நடைமுறை இல்லாத மென்பொருளை நாங்கள் ஏற்கமாட்டோம். ‘முகவரி இன்னது, அதில் இந்தப் பைட்டுகள்’ என்ற கட்டளையை மனிதக் கண் மீளாய்வு செய்ய முடியாது. கலத்தில் ஓடும் அதே பதிப்பின் இணைப்பு வரைபடக் கோப்பை (எந்த மாறி எந்த முகவரியில் என்று சொல்லும் பட்டியல்) மென்பொருள் ஏற்றி, அந்த முகவரியில் இருப்பது எந்த மாறி, அது எத்தனை பைட், எழுதப்போவது அதன் எல்லை தாண்டுகிறதா, தாண்டினால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்று பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். பிறகு மூன்று படி: முதலில் அந்தப் பகுதியைக் கலத்திலிருந்து படித்து எடுத்து, எதிர்பார்த்த பழைய மதிப்பு அங்கே இருக்கிறதா என்று பார்ப்பது, அடுத்து எழுதுவது, கடைசியில், எழுதிய இடத்தையும் இருபுறமும் ஒரு பகுதியையும் திரும்பப் படித்து ஒப்பிடுவது. முதல் படியின் விடை வரும்வரை இரண்டாம் படியின் ஒப்புதல் செல்லாது. வைக்கிங், சர்வேயர் இரண்டையும் நினைத்தால் இந்த மூன்று படிக்குச் செலவாகும் கூடுதல் பாஸ் ஒரு பொருட்டே அல்ல.

1988 ஜூலையில் சோவியத் ஒன்றியம் ஏவிய ஃபோபோஸ் 1 வேறு ஒரு பாடத்தைத் தருகிறது. ஆகஸ்ட் இறுதியில் அனுப்பிய கட்டளைத் தொகுப்பில் ஓர் எழுத்து விடுபட்டது. அந்த ஒரு விடுபாடு, தரைச் சோதனைக்கென்று கலத்தின் நினைவகத்தில் விட்டுவைத்திருந்த ஒரு நிரலைத் தட்டி எழுப்பி, திசைக் கட்டுப்பாட்டு உந்துபொறிகளை அணைத்துவிட்டது. கலம் மெல்லத் திரும்பியது. தகடுகள் சூரியனை இழந்தன. செப்டம்பர் 2 அன்று எதிர்பார்த்த தொடர்பு வரவில்லை. கட்டளைகளைச் சரிபார்க்க வேண்டிய கணினி அன்று வேலை செய்யவில்லை, அதையும் மீறி அனுப்பினார்கள் என்று பின்னர் வெளியான விளக்கங்கள் கூறுகின்றன. ஆகவே சரிபார்ப்பான் ஓடவில்லை என்றால் வாயில் தானாக மூடிக்கொள்ள வேண்டும். ‘சோதனை முடிவு இல்லை’ என்பதும் ‘சோதனையில் பிழை இல்லை’ என்பதும் நிரலில் ஒரே மதிப்பாக இருப்பதைப் பல தரைநிலைய நிரல்களில் காணலாம்: காலியான பிழைப் பட்டியல் வந்தால் சரி என்று கொள்வார்கள். சரிபார்ப்பான் நடுவில் செத்துப் போனாலும் பட்டியல் காலிதான். வாயில் கேட்க வேண்டியது கையொப்பமிட்ட ‘தேறியது’ என்ற விடை; அதில் வரிசையின் ஹேஷ், சரிபார்ப்பானின் பதிப்பு, விதித்தொகுப்பின் பதிப்பு மூன்றும் இருக்க வேண்டும். கூடவே, பயன்படாத சோதனைக் கட்டளைகளைப் பறக்கும் கலத்துக்கான அகராதியிலிருந்து நீக்கி, அவற்றின் குறிகளைத் தடைப்பட்டியலில் வைக்க வேண்டும். கலத்தில் இருந்து அந்த நிரலை நீக்க முடியாமல் போனாலும், தரையிலிருந்து அதன் வழியை அடைத்துவிடலாம்.

யார் ஒப்புதல் தருவது? எழுதியவரே ஒப்புதல் தரக் கூடாது என்ற விதி எல்லோருக்கும் தெரியும். மென்பொருள் அதைப் பதவியை வைத்துச் சோதிப்பதுதான் தவறு. ஒரே ஆளுக்கு ‘பொறியாளர்’, ‘ஒப்புதலாளர்’ என்ற இரண்டு கணக்கு இருந்தால் விதி காற்றில் போயிற்று. இரவு ஷிப்டில் மேசைக்கு ஒரு பொதுக் கணக்கு இருந்தாலும் அப்படித்தான். ஆளை வைத்துச் சோதிக்க வேண்டும். கட்டளையில் கடைசியாக ஒரு பைட்டைத் தொட்டவர், அதை முதலில் எழுதியவராக இல்லாவிட்டாலும், ஒப்புதல் வட்டத்திலிருந்து விலக வேண்டும். தரையிலிருந்து கலத்துக்குக் கட்டளை அனுப்ப உதவும் திறந்த மூலக் கருவிகளில் யாம்க்ஸ், காஸ்மாஸ் இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. காஸ்மாஸில் ஆபத்தான கட்டளை என்று குறித்தால் அனுப்பும் முன் ‘உறுதிதானா’ என்று கேட்கும். யாம்க்ஸில் கட்டளை வரிசையைத் தடுத்து வைத்து, ஒருவர் பார்த்து விடும்வரை நிறுத்தலாம். இரண்டும் நல்ல அடித்தளம். ஆனால் அனுப்புபவரிடமே ‘உறுதிதானா’ என்று கேட்பது ஒப்புதலுக்கு ஈடாகாது. தடுத்த வரிசையை விடுவிக்கும் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதைக் குழுதான் வகுத்து அமைக்க வேண்டும். கருவியை நிறுவியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மூன்று கையொப்பம் என்பதும் கேடு. ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று கேட்கும் வெற்றுக் கட்டளைக்கும் உந்துபொறி எரிப்புக்கும் ஒரே வரிசையில் நின்றால், மீளாய்வாளரின் விரல் பழகிவிடும். நூற்றுப் பத்தாவது கட்டளையைப் படிக்காமலே அழுத்தும். எங்கள் பரிந்துரை: தீங்கற்றவற்றுக்கு முன்னொப்புதல் பட்டியல்; நிலையை மாற்றுபவற்றுக்கு ஒரு மீளாய்வாளர்; திரும்பப் பெற முடியாதவற்றுக்கு இருவர். அந்த இருவரும் ஒரே அறிக்கையைப் படிக்காமல், ஒருவர் பைனரி வாசிப்பையும் மற்றவர் சிமுலேட்டர் முடிவையும் பார்க்க வேண்டும். திரும்பப் பெற முடியாதவை எவை என்பதில் ஒரு வகையை மட்டும் ஒருபோதும் தளர்த்தக் கூடாது: கலம் நம் குரலைக் கேட்கும் வழியைத் தொடும் எதுவும். பெறும் ரேடியோ, பெறும் ஆன்டெனா, கலத்தின் திசை, ‘இத்தனை நாள் கட்டளை வராவிட்டால் பாதுகாப்பு நிலைக்குப் போ’ என்ற கடிகாரம். இவற்றில் ஒன்றைத் தொடும் வரிசையில், தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் கட்டளை நேரக்குறியோடு முன்பே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் நிரல் மறுக்க வேண்டும்.

ஒப்புதலுக்கு ஆயுள் உண்டு. திங்கட்கிழமை பேட்டரி நிறைந்திருந்தபோது பெற்ற ஒப்புதல் வியாழக்கிழமை கலம் பாதுகாப்பு நிலையில் இருக்கும்போது பொருந்தாது. எந்தப் பாஸுக்கு, எந்த நிலையில் என்பது ஒப்புதலிலேயே எழுதப்பட வேண்டும். அனுப்பும் நொடியில் வாயில் நிரல், கலம் தன் நிலையைப் பற்றி அனுப்பும் தொலையளவீட்டைப் பார்க்க வேண்டும்: இயங்கு நிலை, பேட்டரி மின்னழுத்தம், எந்தக் கணினி ஓடுகிறது, கலத்தின் மென்பொருள் பதிப்பு. அதைவிட முக்கியம் அந்த எண்களின் வயது. ஆறு மணி நேரம் முன்பு வந்த கடைசி மதிப்பு திரையில் பச்சையாக நின்றுகொண்டே இருக்கும். புதிய மதிப்பு வராததை யாரும் கவனிக்கமாட்டார்கள். குறித்த வயதைத் தாண்டிய அளவீட்டை ‘தெரியாது’ என்றே நிரல் கொள்ள வேண்டும். கலத்தின் அட்டவணையில் ஏற்கெனவே காத்திருக்கும் நேரக்குறிக் கட்டளைகளையும் சேர்த்தே முரண் சோதனை நடக்க வேண்டும். புதிய வரிசை தனியாகப் பார்த்தால் குற்றமற்றது. மூன்று நாள் முன் ஏற்றிய ஹீட்டர் கட்டளையோடு சேரும்போதுதான் மின்சாரம் பற்றாமல் போகும்.

நேரம் என்றதும் சொல்ல வேண்டியது: ஆண்டின் 61-ஆம் நாள் சாதாரண ஆண்டில் மார்ச் 2, நெட்டாண்டில் மார்ச் 1. ஜி.பி.எஸ். நேரம் 2017 ஜனவரியிலிருந்து உலகப் பொது நேரமான யு.டி.சி.யைவிட 18 நொடி முந்தி ஓடுகிறது. தாழ்வட்டப் பாதையில் நொடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் போகும் கலத்துக்கு அது 135 கிலோமீட்டர். எந்தக் கடிகாரம் என்று எழுதாத நேரத்தை மீளாய்வுத் திரை ஏற்கக் கூடாது.

வாயில் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பின்கதவு திறந்திருந்தால் வீண். தரைநிலைய மோடத்தின் சோதனை இணைப்பு, பொறியாளரின் மடிக்கணினியில் உள்ள பழைய அனுப்பு நிரல், அவசரத்துக்கென்று வைத்த கடவுச்சொல் எல்லாம் அதே ஒலிபரப்பியைத்தான் போய்ச் சேர்கின்றன. மறையாக்கச் சாவி வாயில் கணினியில் மட்டும் இருந்தால் மற்ற வழிகள் தாமே செத்துவிடும். மேசையில் உள்ள மாதிரிக் கலத்துக்கும் பறக்கும் கலத்துக்கும் கலக்குறி வேறாக, சாவி வேறாக இருக்க வேண்டும். திரையின் நிறம் வேறாக இருப்பது உதவும்; அதை மட்டும் நம்பக் கூடாது.

அவசர நேரத்தில் இவ்வளவுக்கும் நேரம் ஏது என்று கேட்பார்கள். தாழ்வட்டப் பாஸ் எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம்தான். அதனால்தான் அவசரக் கட்டளைகளை அமைதியான நாளில் எழுதி, சிமுலேட்டரில் ஓட்டி, ஹேஷோடு ஒப்புதல் பெற்று அலமாரியில் வைக்க வேண்டும்: பழுதான பேலோடை (கலம் சுமக்கும் ஆய்வுக்கருவி போன்றவை) அணைப்பது, மாற்று ரேடியோவுக்கு மாறுவது, சூரியனைத் தேடச் சொல்வது. அவற்றில் மாற்றக்கூடிய அளவுரு ஒன்றிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கலத்தின் மென்பொருள் பதிப்பு மாறினால் அலமாரி முழுதும் காலாவதி. மறுபடி ஓட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு இரண்டு பதிப்பு பழைய அவசரக் கட்டளையை நம்பியிருக்கும் குழுக்கள் உண்டு. அலமாரியில் இல்லாத ஒன்றை அனுப்பியே ஆக வேண்டுமென்றால் இருவர் சேர்ந்து திறக்கும் அவசரப் பூட்டு இருக்கலாம். திறந்தவுடன் எல்லோருக்கும் செய்தி போக வேண்டும்; ஒரு பாஸ் முடிந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, திரும்ப அனுப்புதல். கட்டளை போயிற்று, பதில் வரவில்லை. மேலே போகவில்லையா, போய்ப் பதில் மட்டும் தொலைந்ததா என்று தரைக்குத் தெரியாது. ‘இன்னும் 2 பாகை திரும்பு’ என்ற கட்டளையைக் கை தானாக மறுபடி அழுத்தினால் 4 பாகை. ‘இந்தத் திசைக்குத் திரும்பு’ என்று எழுதியிருந்தால் பத்து முறை போனாலும் ஒன்றுதான். ஆகவே ‘இன்னும் இவ்வளவு’ என்று இருக்கும் நிலையிலிருந்து கணக்கிடும் சார்புக் கட்டளைகளை அகராதியில் குறித்து, அவற்றின் ஒப்புதலில் எத்தனை முறை அனுப்பலாம் என்ற எண்ணையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் அது 1. மறுமுறைக்குப் புது ஒப்புதல். ஐரோப்பிய விண்வெளித் தரநிலையான இ.சி.எஸ்.எஸ்.-இல் கட்டளை ஏற்கப்பட்டது, தொடங்கியது, முன்னேறுகிறது, முடிந்தது என்று நான்கு கட்டங்களில் கலம் தனித்தனியே விடை சொல்ல வழி இருக்கிறது. சிறு கலங்களில் முதல் விடையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். ஏற்றது என்பதைச் செய்தது என்று படித்து அடுத்த கட்டளையை அனுப்பும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. ஒப்புதல் படிவத்திலேயே ‘இது நடந்தால் எந்த அளவீடு, எவ்வளவாக, எத்தனை நொடிக்குள் மாறும்’ என்று எழுத ஓர் இடம் வைத்து, அது நிரம்பாமல் மீளாய்வுக்கு அனுப்ப முடியாதபடி செய்யுங்கள். எழுதும்போதே அந்த வரியை நிரப்பத் தெரியாதவருக்கு அந்தக் கட்டளையை அனுப்ப இன்னும் நாள் வரவில்லை.

சிறு குழுக்கள் எங்கிருந்து தொடங்குவது என்றால், இந்த வரிசையில்: முதலில் ஒரே வாயில், பின்கதவுகள் அடைப்பு. அடுத்து ஹேஷோடு கட்டிய ஒப்புதல். அதன்பின் தனி வாசிப்பு நிரல். பிறகு பழைய மதிப்போடு ஒப்பீடு. விதிச் சோதனைகளும் சிமுலேட்டர் இணைப்பும் அடுத்து வளரலாம். யார், எப்போது, எந்த ஹேஷை, எந்த அகராதிப் பதிப்போடு அனுப்பினார் என்ற அழிக்க முடியாத பதிவேடு முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். இந்த முதல் நான்கும் இரண்டு பேர் சில மாதங்களில் எழுதி முடிக்கக் கூடியவை. கலம் மேசையில் இருக்கும்போதே, மேசைக் கலத்துக்குப் போகும் கட்டளைகளும் இதே வாயில் வழியாகப் போகட்டும். ஏவிய பிறகு புதிதாகப் பழகுவதற்கு அவகாசம் இருக்காது.

இப்படிக்கு,
விண்கல இயக்கப் பணியில் உள்ளோர் சிலர்